குட்டி யானையில் செக் லைட் எரிந்தால்: சென்சார் வாங்கக் கடைக்குப் போகுமுன்

போன ஐப்பசி மழையில் என் வண்டி திணற ஆரம்பித்தது. திருப்பூரில் நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கும், டையிங்கிலிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி ரோல் ஏற்றும் குட்டி யானை (சின்ன லோடு வண்டி), பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடுவது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் நடுங்கும். மேட்டில் இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கும். அப்புறம் மீட்டரில் மஞ்சள் லைட், அதாவது என்ஜின் செக் லைட்.

"ஆக்சிஜன் சென்சார் போயிருச்சுங்ணா" என்றார் முதல் மெக்கானிக். மாற்றினோம். நாலாம் நாள் அதே லைட், அதே கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண்). அடுத்த இடத்தில் பிளக்கும் காயிலும் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் கேஸ் கிட்டையே கழற்றச் சொன்னார்கள். சென்சார் 3,600, பிளக்கும் காயிலும் 2,900, கூலி 1,700, ஸ்கேன் பண்ண மூன்று தடவை ஐநூறு ஐநூறு. மொத்தம் 9,700 ரூபாய் கொடுத்தும் லைட் அணையவில்லை. கடைசியில் லைட்டை எரிய வைத்த பழுது சென்சாரிலும் இல்லை, கேஸிலும் இல்லை.

இதை எழுதுவது புதிதாக வண்டி எடுத்தவர்களுக்காக. பெட்ரோல் - சிஎன்ஜி சின்ன லோடு வண்டிகளுக்கு மட்டும்தான் இது பொருந்தும். டீசல் வண்டியின் கதை முற்றிலும் வேறு. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் லைட்டைப் பாருங்கள்

நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டே பழுதைத் தேடலாம், அவசரமில்லை. விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டுங்கள். மிஸ்ஸிங் அடித்து (என்ஜினின் ஒரு சிலிண்டரில் எரியாமல் போய்), எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். கன்வெர்ட்டர் உருகினால் இதுவரை சொன்ன செலவெல்லாம் சில்லறைக் காசாகத் தெரியும். லோடு இருந்தால் இறக்கி வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள். பார்ட்டி திட்டினால் திட்டட்டும்.

2. எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்கள்

மெக்கானிக்கிடம் போகுமுன் இவை கையில் இருக்கட்டும்.

வாரண்டி புத்தகமும் பழைய ஜாப் கார்டுகளும். வாரண்டி இன்னும் ஓடுகிறதென்றால் வெளி மெக்கானிக்கை ஒயரில் கை வைக்க விடாதீர்கள். ஒரு ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் போதும், கம்பெனி சர்வீஸில் அதைக் காட்டியே கையை விரிப்பார்கள்.

சிஎன்ஜி சிலிண்டரின் டெஸ்ட் சான்றிதழ். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி டெஸ்ட் பண்ணியாக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் பங்கில் கேஸ் பிடிக்க மறுக்கலாம். கேஸ் பக்கத்தை எப்படியும் கழற்றப் போகிறீர்கள் என்றால், இந்தத் தேதியையும் பார்த்து இரண்டையும் ஒரே நாளில் முடித்தால் ஒரு நாள் வாடகை மிச்சம்.

ஆர்சி. கேஸ் கிட் கம்பெனியில் வராமல் பின்னாளில் மாட்டியது என்றால் அது ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் எடுத்தவர்கள் இதை மறக்காமல் பாருங்கள். கிட்டைத் தூக்கச் சொல்லும் மெக்கானிக்குக்கு ஆர்சியைப் பற்றிக் கவலை கிடையாது.

கடைசியாக எடுத்த புகைச் சான்றிதழ். இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

3. சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்குங்கள், கோடை அழிக்காதீர்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பது அதன் வழியாகத்தான். அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஆன்லைனில் 800 ரூபாயிலிருந்து 1,200 வரை கிடைக்கிறது. போனில் ஒரு ஆப் போதும். வெளியில் இரண்டு தடவை ஸ்கேன் பண்ணும் காசு.

பாதிப் பேர் கவிழ்வது இந்த இடத்தில்தான். கோடைப் பார்த்ததும் 'கிளியர்' பட்டனை அழுத்திவிடுவார்கள். லைட் அணையும், மனசு குளிரும். ஆனால் பழுது வந்த அந்த நொடியில் என்ஜின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு லோடில் இருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பும் அதோடு போய்விடும். ஆப்பில் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று இருப்பது அதுதான். முதலில் அதை ஸ்க்ரீன் ஷாட் எடுத்து வையுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதைதான். "பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் விடுங்ணா, சரியாயிரும்" என்று சொல்கிறவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

4. கோடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

எனக்கு வந்தது பி0171. கலவை லீன், அதாவது காற்று அதிகம், எரிபொருள் குறைவு. பி0172 அதற்கு நேர் எதிர், ரிச்.

இந்த இரண்டு கோடும் எந்த உதிரிபாகத்தின் பெயரையும் சொல்லவில்லை. காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டர் காட்டினால் தெர்மாமீட்டரையா மாற்றுவோம்? என் வண்டிக்குப் பார்த்த வைத்தியம் அதுதான்.

சென்சாரைப் பற்றியே பேசும் கோடுகள் வேறு. பி0130 முதல் பி0135 வரை ஆக்சிஜன் சென்சாரின் சர்க்யூட். அதில் பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர். பி0107, பி0108 மேப் சென்சார், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்ப்பது. பி0117, பி0118 கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) டெம்பரேச்சர். பி0300 வரிசை மிஸ்ஸிங். இவற்றில் எது வந்தாலும் முதலில் ஃபியூஸ், அடுத்து கப்ளர் (ஒயர் இணைப்பு), அடுத்து ஒயர். எங்கள் ஊர் குடோன்களில் ராத்திரி வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும், எலிக்கு சென்சார் ஒயர் என்றால் தனி ருசி. வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் லைட் எரிந்தால் கப்ளரைக் கழற்றி, தண்ணீரோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் காசு செலவில்லை.

மிஸ்ஸிங் கோடும் லீன் கோடும் சேர்ந்து வந்தால் மிஸ்ஸிங்கை முதலில் முடியுங்கள். என்ஜினின் ஒரு சிலிண்டரில் எரியாவிட்டால் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து லீன் என்று சொல்லும். அது பார்த்தது சரி, நாம்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம்.

5. விடிகாலையில் மூன்று எண்கள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டி. சாவியை ஆன் பண்ணுங்கள், ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஸ்கேனரில் மூன்று எண்களைப் பாருங்கள்.

கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 26, 27 என்று வந்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கூலன்ட் மைனஸ் 40 காட்டினால் சென்சாரோ ஒயரோ அறுந்திருக்கிறது. இமயமலையில் நிற்கிறோம் என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. என்ஜின் சூடாகவில்லை என்று நம்பினால் பல வண்டிகளில் கேஸுக்கே மாறாது. "கேஸ்ல எடுக்க மாட்டேங்குது" என்று கேஸ் கிட்டைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

மூன்றாவது எண் மேப் சென்சாருடையது. என்ஜின் ஓடாதபோது இது வெளிக் காற்றின் அழுத்தத்தையே காட்டும். சென்னையில் 100, 101 கிலோ பாஸ்கல். திருப்பூரில் 97, 98. ஊட்டியில் 77 காட்டினால் பயப்பட வேண்டாம், அந்த உயரத்துக்கு அதுதான் சரி. ஸ்டார்ட் பண்ணி, ஏசி இல்லாமல் ஐட்லிங்கில் விட்டால் 30க்கும் 40க்கும் நடுவில் இறங்கி நிற்க வேண்டும்.

இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். மூன்று பட்டறையில் ஒருவரும் இதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் வண்டி போய்ச் சேரும்போதே என்ஜின் சூடாகியிருக்கும். அதனால்தான் இதை வீட்டிலேயே செய்யுங்கள் என்கிறேன்.

6. இரண்டு எரிபொருளிலும் டிரிம் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு எரிபொருளை விடுகிறது. எரிந்து வந்த புகையை ஆக்சிஜன் சென்சார் ருசி பார்த்து, போதவில்லை, கூடிவிட்டது என்று சொல்கிறது. அதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் கூட்டும், குறைக்கும். குழம்புக்கு உப்புப் பார்ப்பது போலத்தான், போட்ட உப்பைத் திரும்ப எடுக்கவும் முடியும் என்பதுதான் வித்தியாசம். இப்படிக் கூட்டுவதையும் குறைப்பதையும் சதவீதத்தில் சொல்வது டிரிம். அந்தந்த நொடிக்கு ஷார்ட் டிரிம், பழகிப்போன திருத்தத்துக்கு லாங் டிரிம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் மைனஸ் ஐந்துக்குள் இருந்தால் நல்ல வண்டி. பத்து வரை பொறுக்கலாம். இருபதைத் தாண்டினால் லைட் எரியத் தயாராகிவிடும். பிளஸ் என்றால் எரிபொருளைக் கூட்டுகிறது, அதாவது சென்சாருக்கு லீனாகத் தெரிகிறது. மைனஸ் என்றால் ரிச்.

நம் வண்டிகளுக்கு ஒரு வசதி உண்டு. ஒரே என்ஜின், இரண்டு எரிபொருள். ஒன்றில் பார்த்து, சுவிட்சைத் தட்டி மற்றதில் பார்த்தால் பாதிப் பழுது தானாகவே பிரிந்துவிடும்.

பெட்ரோலில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, ஐட்லிங்கில் டிரிம்மை எழுதுங்கள். 2,500 சுற்றில் ஒரு நிமிடம் ரேஸ் பிடித்து மறுபடி எழுதுங்கள். லோடோடு ஒரு மேடு ஏறும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் ரோட்டைப் பாருங்கள். அப்புறம் கேஸுக்கு மாற்றி இதே மூன்றும். மாற்றிய உடனே பார்க்காதீர்கள், இருபது நிமிடம் விடுங்கள். பின்னாளில் மாட்டிய கிட் பலவற்றில் பெட்ரோல் கம்ப்யூட்டரின் டிரிம்மைத்தான் கேஸும் பயன்படுத்தும். அதனால் கேஸ் பக்கக் கோளாறு சிறிது நேரத்துக்குப் பெட்ரோலிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது எழுதியதைப் படியுங்கள்.

பெட்ரோலில் நல்லபடி, கேஸில் மட்டும் பிளஸ்: கேஸ் பில்டர், ரெடியூசர் (கேஸ் அழுத்தத்தைக் குறைப்பது), கேஸ் இன்ஜெக்டர் (கேஸை என்ஜினுக்குள் விடுவது). என்ஜினைத் தொட வேண்டாம்.

கேஸில் நல்லபடி, பெட்ரோலில் மட்டும் பிளஸ், அதுவும் மேட்டில் ஏற ஏறக் கூடுகிறது: பெட்ரோல் பம்ப், பில்டர், அடைத்த இன்ஜெக்டர். கேஸிலேயே ஓட்டுகிறவர்கள் இரண்டு லிட்டர் பெட்ரோலை ஆறு மாதம் டேங்கில் ஊற வைத்திருப்பார்கள். சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க்கே 5 லிட்டர்தான். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான், அது இல்லாமல் ஓடினால் பம்ப் வேகும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரம் ஒரு நாளாவது பெட்ரோலில் ஓட்டிவிடுங்கள்.

இரண்டிலும் பிளஸ், ஐட்லிங்கில் அதிகம், ரேஸ் பிடித்தால் குறைகிறது: இரண்டுக்கும் பொதுவான இடத்தில் பழுது. என் வண்டியில் பெட்ரோலில் பிளஸ் 21, கேஸில் பிளஸ் 24. ரேஸ் பிடித்தால் 6, 11. இந்த நான்கு எண்களைப் பார்த்திருந்தால் கேஸ் கிட்டைக் கழற்றச் சொன்னவரிடம் நான் போயே இருக்க மாட்டேன்.

எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 கிலோ போதும். சிஎன்ஜிக்கு ஏறத்தாழ 17. ஆகவே 10 சதவீத எத்தனால் காலத்தில் பழகிய வண்டி இப்போது பெட்ரோலில் நாலைந்து சதவீதம் பிளஸ் காட்டுவது பழுதல்ல.

7. காற்றுக் கசிவு: வீடியோக்கள் சொல்லாத ஒன்று

லீன் என்றால் இன்டேக் பக்கம், அதாவது காற்று உள்ளே போகும் பக்கம், வேக்யூம் ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது என்று எல்லா வீடியோவும் சொல்லும். நானும் நம்பி மூன்று நாள் ஒவ்வொரு ஹோஸாகத் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்த வீடியோக்கள் பெரும்பாலும் உள்ளே போகும் காற்றை வாசலிலேயே எடை போடும் சென்சார் உள்ள கார்களைப் பற்றியவை. அவற்றில் வாசலைத் தாண்டிக் காற்று நுழைந்தால் கணக்குத் தப்பும், லீன் ஆகும். நம் குட்டி யானைகளில் பெரும்பாலும் இருப்பது மேப் சென்சார். அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கிறது. காற்று எந்த ஓட்டை வழியாக வந்தாலும் அழுத்தம் கூடும், கம்ப்யூட்டர் அதற்குத் தக்க எரிபொருளையும் விட்டுவிடும். அதனால் இந்த வண்டிகளில் ஹோஸ் கிழிந்தால் டிரிம் பெரிதாக நகராது, ஐட்லிங்தான் ஏறும். 800இல் நிற்க வேண்டியது 1,200, 1,300இல் நிற்கும். இன்டேக் கேஸ்கெட் ஒரே ஒரு சிலிண்டரின் வாசலில் போயிருந்தால் மட்டும் அந்த சிலிண்டர் லீனாகி மிஸ்ஸிங் அடிக்கும்.

மேப் சென்சாருக்கே தனி ஹோஸ் போகும் வண்டிகளில் அந்த ஹோஸ் ஓட்டையானால் கதை தலைகீழ். அழுத்தம் அதிகம் என்று தப்பாகக் காட்டி ரிச் ஆக்கும்.

என் வண்டியில் ஐட்லிங் 800தான், ஏறவே இல்லை. அப்படியானால் காற்று எங்கே நுழைகிறது? சைலன்சர் பக்கம். என்ஜினுக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கும் நடுவில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லேசாக ஊதிப் போயிருந்தது. புகை துடிப்புத் துடிப்பாகத்தான் வெளியேறும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழாய்க்குள் இழுவை உண்டாகி, அந்தப் பொத்தல் வழியாக வெளிக் காற்றை உள்ளே உறிஞ்சும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் என்ஜின் ரிச்சாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றியபோது கரி பிடித்துக் கருப்பாக இருந்ததற்கு அதுதான் காரணம். லீன் என்று கோடு, ரிச் என்று பிளக். இந்த முரணை அன்றைக்கே நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும். மெக்கானிக் "பெட்ரோல் மோசம்ங்ணா" என்றார், நானும் தலையாட்டினேன். கேஸிலேயே ஓடும் வண்டியில் பிளக் இவ்வளவு கறுக்காது. நான் அந்த வாரம் முழுக்கப் பெட்ரோலில் ஓட்டியதால் அந்தத் தடயமாவது கிடைத்தது.

கண்டுபிடிப்பது எப்படி: விடிகாலை முதல் ஸ்டார்ட்டில் காது கொடுங்கள். 'டிக் டிக் டிக்' என்று தையல் மெஷின் மாதிரிச் சத்தம் வந்து, என்ஜின் சூடாகி உலோகம் விரிந்ததும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிப்போகும். மேனிஃபோல்டு இணையும் இடத்தில் கருப்புக் கரித் தடம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் தீர, பட்டறையில் சைலன்சர் வாய் வழியாக லேசாகக் காற்று விட்டு, குளிர்ந்த என்ஜினில் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நுரைக்கும் இடம்தான் குற்றவாளி.

ஊதுபத்திப் புகை வைத்துக் கசிவு பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கேஸ் வண்டியில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைச் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அடிப்பதும் அப்படியே.

கேஸ்கெட் 450 ரூபாய், கூலி 900. மேனிஃபோல்டை இறுக்கும் ஒரு ஸ்டட் முறிந்தது, அதை எடுக்க லேத்துக்கு 1,200. துருப்பிடித்த ஸ்டட்களுக்கு முந்தின ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தால் அந்த 1,200 மிச்சமாகியிருக்கும்.

8. ஆக்சிஜன் சென்சார் உண்மையிலேயே போய்விட்டதா?

சூடான என்ஜின், 2,000 சுற்று. சாதாரண வகை சென்சார் என்றால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீழேயே படுத்திருந்தால் ஏர் பில்டர் பக்கம் கொஞ்சம் எரிபொருள் வாடை காட்டியோ, சட்டென்று ரேஸ் கொடுத்தோ பாருங்கள். உடனே 0.8க்கு ஏறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது, அது உண்மையைத்தான் சொல்கிறது. எதைச் செய்தாலும் அசையாமல் 0.45இல் நின்றால் ஒயரோ சென்சாரோ செத்துவிட்டது. சில புது பிஎஸ்6 வண்டிகளில் வேறு வகை சென்சார் இருக்கும். அதற்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது, டிரிம்மை மட்டும் நம்புங்கள்.

நாலு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. மல்டிமீட்டரில் சில ஓம்ஸ் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்தது, அப்போதுதான் கடைக்குப் போங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது இரண்டாவது சென்சார். கலவையைச் சரிபார்க்கும் வேலை முன்னால் இருப்பதற்குத்தான். பின்னால் இருப்பது எளிதாகக் கைக்கு எட்டும் என்பதால் அதை மாற்றிவிட்டு முன்னதற்கு பில் போட்ட கதையும் கேட்டிருக்கிறேன்.

சிலிக்கான் பேஸ்ட் போட்டு கேஸ்கெட் ஒட்டுகிறவரிடம், சென்சாருக்கு ஏற்றதா என்று டியூபில் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண சிலிக்கானின் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் கொன்றுவிடும்.

9. மைனஸ் காட்டினால்

ரிச் பழுது நம் வண்டிகளில் குறைவு. ஏர் பில்டர் அடைத்தால் ரிச் ஆகும் என்பது கார்பரேட்டர் காலத்துப் பேச்சு. மேப் சென்சார் வண்டியில் புல்லிங்தான் குறையும், கலவை மாறாது. இருந்தாலும் பில்டரை மாற்றுங்கள், முந்நூறு ரூபாய்தான்.

இரண்டு எரிபொருளிலும் மைனஸ் என்றால் மேப், கூலன்ட் சென்சார்களை மறுபடி பாருங்கள். அடுத்து ஒழுகும் இன்ஜெக்டர். கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் கலவை ரிச்தான். ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

10. கேஸ் பக்கம்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

சிலிண்டர் நிரம்பினால் 200 பார் அழுத்தம். சிலிண்டரிலிருந்து ரெடியூசர் வரை போகும் எஃகுக் குழாயில் ஸ்பேனரே வைக்காதீர்கள். லைசன்ஸ் உள்ள கிட் மையத்தில்தான் அந்த வேலை.

எனக்கு எக்ஸாஸ்ட் சரியான பிறகும் கேஸில் பிளஸ் 9 மீதி இருந்தது. ரெடியூசருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உள்ள கேஸ் பில்டர் இரண்டு வருடமாக மாற்றாதது. மையத்தில் 650 ரூபாய், அரை மணி நேரம். பிளஸ் 3க்கு வந்தது. பில்டரில் பங்கின் கம்ப்ரஸர் ஆயில் கருப்பாக வழிந்தது.

கேஸ் முடியும் தறுவாயில் டிரிம் ஏறுவது இயல்பு. சிலிண்டர் பாதிக்கு மேல் இருக்கும்போதுதான் எண்களை எழுத வேண்டும்.

11. மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது

"செக் லைட் எரியுது, பாருங்ணே" என்று சாவியைக் கொடுத்தால் கடையில் இருக்கும் சென்சார்தான் வண்டிக்கு ஏறும். எழுதிய எண்களைக் காட்டுங்கள். "பெட்ரோல்லயும் கேஸ்லயும் ஐட்லிங்ல இருபதுக்கு மேல பிளஸ், ரேஸ் பிடிச்சா குறையுதுங்ணா, எக்ஸாஸ்ட் லீக் மட்டும் பார்த்துக் கொடுங்க" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இதில் கோபம் வராது. என் நாலாவது மெக்கானிக் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்தார், இரண்டு நிமிடத்தில் கையை நீட்டிக் காட்டினார்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் பாகத்தைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால் 'போட்டுப் பார்ப்போம்' என்கிற சோதனை உங்கள் செலவில்தான் நடக்கும். தெரிந்தவர் வண்டியிலிருந்து அதே மாடல் சென்சாரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டிப் பார்க்கலாம் என்றால் அதைச் செய்யுங்கள்.

திங்கள்கிழமையும் சம்பளத்துக்கு மறுநாளும் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். புதன், வியாழன் காலை எட்டு மணிக்கு என்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்கும்படி, முந்தின ராத்திரியே கொண்டு போய் விடுவது நல்லது.

12. சரியான பிறகு

இப்போது கோடை அழிக்கலாம். பழைய லாங் டிரிம்மும் சேர்ந்து அழியும், கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நாள் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறலாம், மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டாம். இரண்டு எரிபொருளிலும் காலியாகவும் லோடோடும் ஓட்டி, ஒரு வாரம் கழித்து அதே ஆறு எண்களை எழுதி ஜாப் கார்டோடு பின் பண்ணி வையுங்கள்.

புகைச் சோதனைக்குப் போனால் பாஸா ஃபெயிலா என்பதோடு திரும்பிவிடாமல் எண்களைப் படியுங்கள். முன்பு எடுத்த சான்றிதழைக் கையில் வைக்கச் சொன்னது இந்த எண்களுக்காகத்தான். பிஎஸ்4 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், 2,500 சுற்றில் 0.2க்குள், லாம்டா (கலவை அளவு, 1 என்றால் சரி, அதற்கு மேல் லீன்) 0.97க்கும் 1.03க்கும் நடுவில். டிரிம் சரியாக இருந்தும் லாம்டா மட்டும் 1.1, 1.2 என்று ஏறினால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ சைலன்சர் ஓட்டை. வெல்டிங் வைத்துவிட்டு மறுபடி போங்கள்.

எட்டு வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்றிதழ்) இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலைகளைத் தொடங்குங்கள். ஸ்டட் முறிந்தால் ஒரு நாள், சென்சாருக்கு ஆர்டர் போட்டால் நாலைந்து நாள், கிட் மையத்தில் முறை வர ஒரு வாரம் என்று நாள் ஓடிவிடும்.